ஒப்பியல் இலக்கியம் நமது பிள்ளைகளுக்கு எதற்கு?

ஒவ்வொரு வருடமும் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்ததும் கலைப்பிரிவுப் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே கேள்விதான்: "இதைப் படித்து என்ன தொழில் கிடைக்கும்?" பட்டம் முடித்த பெண் பிள்ளை இன்னும் மேலே படிக்கப் போகிறேன் என்று சொன்னால் கேள்வி கூர்மையாகிறது. அதுவும் தமிழ் இலக்கியம், அதிலும் ஒப்பியல் இலக்கியம் என்றால், "இலக்கியத்தை ஒப்பிட்டு யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கல்முனையிலிருந்து பேராதனைக்கோ கொழும்புக்கோ மகளை அனுப்பி, விடுதிக் காசு கட்டி, கலியாணப் பேச்சையும் தள்ளிவைத்துக் காத்திருக்கும் வாப்பாவுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. தமிழில் பட்டப்பின் படிப்பு முடித்து, இப்போது உயர்தர வகுப்பில் தமிழ் கற்பிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதற்குப் பதில் சொல்லும் கடமை இருக்கிறது.

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் ஒப்பியல் இலக்கியம் படிக்கப் பொருத்தமானவர்கள் யார் என்று கேட்டால், நமது கரையோர முஸ்லிம் பெண் பிள்ளைகளை நான் முன்வரிசையில் வைப்பேன். அந்தப் படிப்புக்கு வேண்டிய மூலதனம் மொழிகள். தமிழ் நமது தாய்மொழி. அரபு எழுத்து ஐந்து வயதிலேயே ஓதப்பள்ளியில் கைக்கு வந்துவிடுகிறது. சிங்களமும் ஆங்கிலமும் பாடசாலையில் வருகின்றன. முதலாவதைத் தவிர மற்றவையெல்லாம் அரைகுறையாக நிற்கின்றன என்பதும் உண்மை. அந்த அரைகுறையை அப்படியே விட்டுவிட்டுப் பட்டத்தை மட்டும் தேடுவதைத்தான் நான் நமது இழப்பாகக் காண்கிறேன்.

ஒப்பியல் இலக்கியம் என்றால் இரண்டு நூல்களைப் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு மொழியின் இலக்கியத்தை இன்னொரு மொழியின் இலக்கியத்தோடு சேர்த்து வாசிக்கும்போது, தனியே வாசித்தால் கண்ணில் படாத பல விடயங்கள் தெரியவரும். ஒரு கதை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் போகும்போது எதை விட்டுவிடுகிறது, எதைப் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது? ஒருவரையொருவர் அறியாத இரண்டு சமூகங்கள் எப்படி ஒரே மாதிரியான பாட்டைப் பாடின? இப்படிப்பட்டவைதான் அதன் கேள்விகள். இந்தியாவின் பஞ்சதந்திரக் கதைகள் பஹ்லவி மொழிக்குப் போய், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பாவின் கையால் 'கலீலா வ திம்னா' என்ற பெயரில் அரபுக்கு வந்து, பிறகு ஐரோப்பிய மொழிகளுக்கும் பரவின. அந்தப் பயணத்தின் கால்தடத்தைப் பின்தொடர ஒரு மொழி மட்டும் தெரிந்தவரால் முடியாது.

இது நமக்கு எட்டாத தூரத்துப் படிப்பு அல்ல. தமிழில் இத்துறையின் முன்னோடி முயற்சிகளில் ஒன்றைச் செய்தவர் நமது பக்கத்து ஊர்க்காரர். 1892இல் காரைதீவில் பிறந்து, கல்முனையில் பள்ளிக்கூடம் படித்த சுவாமி விபுலானந்தர் 1926இல் 'மதங்க சூளாமணி' என்ற நூலை வெளியிட்டார். ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழ் வாசகருக்கு எடுத்துச் சொல்லி, வடமொழியிலுள்ள தசரூபகம் என்ற நாடக இலக்கண நூலையும் தமிழின் கூத்து மரபையும் அவற்றோடு சேர்த்து ஆராய்ந்தார். ஆங்கிலம், வடமொழி, தமிழ் ஆகிய மூன்றிலும் நேரடியாக வாசிக்கத் தெரிந்ததால்தான் அது சாத்தியமானது. பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவர்தான்.

அடுத்த தலைமுறையில் பேராசிரியர் க. கைலாசபதி வருகிறார். பேராதனையில் படித்த அவர் கலாநிதிப் பட்டத்துக்காக இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டிய ஜோர்ஜ் தொம்சன் ஒரு கிரேக்க மொழிப் பேராசிரியர். சங்கப் பாடல்களை ஆராய ஏன் கிரேக்கப் பேராசிரியரிடம் போக வேண்டும்? சங்க காலத்து வீரப் பாடல்களைப் பண்டைய கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் மொழிகளின் வீரப் பாடல்களோடு வைத்துப் பார்த்தால்தான், பாணர்கள் எப்படிப் பாடினார்கள், எப்படிப்பட்ட சமூகத்துக்காகப் பாடினார்கள் என்பது தெளிவாகும் என்று அவர் கண்டார். அந்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த வருடமே 'ஒப்பியல் இலக்கியம்' என்ற தமிழ் நூலையும் அவர் தந்தார்.

நமது சமூகத்திலும் முன்மாதிரிகள் உண்டு. பாணந்துறையைச் சேர்ந்த பேராசிரியர் ம.மு. உவைஸ், தமிழுக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பைத் தமது முதுமாணி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1953இல் அது நூலாக வந்தது. மார்ட்டின் விக்ரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலைச் சிங்களத்திலிருந்து 'கிராமப் பிறழ்வு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி நமக்கெல்லாம் மஹ்மூத் தர்வீஷை அறிமுகம் செய்தார். அந்தக் கவிதைகளை வாசித்தபோது எனக்கு ஓர் ஆசை பிறந்தது. அடுத்த முறை இதே ஊரிலிருந்து ஒரு பெண் பிள்ளை, நடுவில் ஆங்கிலம் இல்லாமல், அரபிலிருந்து நேரே தமிழுக்கு இந்த வேலையைச் செய்ய வேண்டும். அவர் போட்ட பாதையில் அடுத்த அடி அதுவாகத்தான் இருக்க முடியும்.

அரபு தெரிந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, நாம் வகுப்பில் படிக்கும் சீறாப்புராணம். 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய இக்காப்பியத்தில் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்று மூன்று காண்டங்களும் 5,027 விருத்தங்களும் உள்ளன. அதன் நாட்டுப் படலத்தைத் திறந்தால் அறபு நாட்டில் ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. பரீட்சைக்குப் படிக்கும்போது, "இது கம்பராமாயணத்தின் செல்வாக்கு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அவ்வளவுதான் தெரியும். நபிகளாரின் வரலாற்றை இப்னு ஹிஷாமின் அரபு நூலில் மட்டும் படித்தவருக்கோ, பாலைவனத்தில் வயல் எங்கிருந்து வந்தது என்ற திகைப்புத்தான் மிஞ்சும். இரண்டையும் படித்தவர் வேறு கேள்வி கேட்பார். வரலாற்றுச் செய்தியில் புலவர் எங்கே இம்மியும் மாறாமல் நிற்கிறார், எங்கே வருணனைக்குத் தமிழ் மரபை அழைத்துக்கொள்கிறார்? எந்த அரபுச் சொல்லை அப்படியே வைத்திருக்கிறார், எதற்குத் தமிழ்ச் சொல் தேடியிருக்கிறார்? தமிழ்க் காப்பிய மரபில் ஒரு நாடு மேன்மையானது என்று சொல்ல வேண்டுமென்றால், அங்கே நீரும் நெல்லும் இருக்க வேண்டும். நபிகளார் பிறந்த மண்ணின் மேன்மையைத் தம் மக்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல உமறு அந்த மரபைப் பயன்படுத்தினார் என்பது என் வாசிப்பு. கல்முனை வெளியில் வேளாண்மை விளையும்போது அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது புரிய அதிக நேரம் எடுக்காது.

இரண்டாவது உதாரணம் பாலைத்திணை. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கஸீதாக்கள் பல, ஒரே மாதிரித் தொடங்கும். கவிஞன் பாலையில் ஓர் இடத்தில் ஒட்டகத்தை நிறுத்துகிறான். அங்கே ஒரு காலத்தில் காதலியின் கூட்டத்தார் கூடாரமடித்துத் தங்கியிருந்தார்கள். இப்போது அடையாளங்கள் மட்டும் மிச்சம். அதைப் பார்த்து அழுகிறான். இம்ருஉல் கைஸின் புகழ்பெற்ற முஅல்லகா அப்படித்தான் தொடங்குகிறது. நமது அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் வரும் பாலைப் பாடல்களிலும் வறண்ட வழியும் பிரிவும் அழுகையும் உண்டு. ஆனால், கஸீதாவில் புறப்பட்டுப் போனவள் பெண். நின்று அழுபவன் ஆண். பொருள்தேடப் பிரியும் பாலைப் பாடலில் போகிறவன் ஆண்; வீட்டிலிருந்து அழுகிறவள் பெண். கூட்டம் கூட்டமாக இடம்பெயரும் வாழ்க்கையில் பிரிவு ஒருவிதமாகவும், ஊர் ஒன்றில் நிலைத்த வாழ்க்கையில் வேறுவிதமாகவும் அமைகிறது என்று இதிலிருந்து யோசிக்கத் தொடங்கலாம்.

இதை நமது ஊரில் வைத்துப் பாருங்கள். நமது கரையோர ஊர்களிலிருந்து எத்தனை ஆண்கள் பொருள்தேடி சவூதிக்கும் கட்டாருக்கும் போயிருக்கிறார்கள்! பொருள்வயின் பிரிவு நமக்குப் பாடப்புத்தகத்து விடயம் மட்டுமல்ல. அதே நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன உம்மாமாரின் பிள்ளைகளும் நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் கஸீதாவைப் போலப் போனவள் பெண், நின்றவர் மற்றவர்கள். பழைய பாலையையும் பழைய கஸீதாவையும் வளைகுடாப் பிரிவைப் பற்றிய இன்றைய கவிதைகளையும் கதைகளையும் சேர்த்து ஆராய்வதற்கு, இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?

இனி நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டிய ஒரு விடயம். கிடைத்திருக்கும் முழுமையான இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கொள்ளப்படுவது வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'. காலம் 1572. யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் கேள்விகள் கேட்டு, விடை பெற்று, இஸ்லாத்தைத் தழுவியதாக அமைந்த நூல் அது. அரபிலிருந்து கிளம்பிய இந்தக் கதை மலாயில் 'ஹிகாயத் ஸெரிபு மஸாலா' என்றும் ஜாவா மொழியில் 'ஸெரத் சமுத்' என்றும் வழங்குகிறது. தமிழ், மலாய், ஜாவா ஆகிய மூன்று மொழி நூல்களையும் ஒப்பிட்டு, இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள முஸ்லிம் சமூகங்களை அரபு மொழி எப்படி இணைத்தது என்று ஆராய்ந்தவர் ரொனித் ரிச்சி. 2011இல் வெளிவந்த அவருடைய நூல் உலகப் பல்கலைக்கழகங்களில் வாசிக்கப்படுகிறது. தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல. அதற்காக அவரிடம் குறை காண எதுவுமில்லை; அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நமது மூதாதையரின் நூலைப் படிக்க வேறொருவர் நமது மொழியைப் படித்து வருகிறார், நாமோ அந்நூலின் பெயரைப் பரீட்சைக்கு மட்டும் மனனமிடுகிறோம். இது கவலைக்குரியது.

பெற்றார் சிலர் தயங்குவதற்குத் தொழில் மட்டும் காரணமல்ல. மார்க்க நூல்களை மற்ற மதத்தாரின் காப்பியங்களோடு ஒப்பிடுவது ஈமானுக்குப் பழுதாகாதா என்றும் கேட்கிறார்கள். ஒப்பிடுவது வேறு, சமப்படுத்துவது வேறு. குர்ஆன் அல்லாஹ்வின் வேதம். அது புலவரின் ஆக்கம் அல்ல. நாம் ஒப்பிடுவது உமறுப்புலவர் என்ற மனிதரின் கவிதையைக் கம்பர் என்ற மனிதரின் கவிதையோடு. மொழிகள் வெவ்வேறாக இருப்பதைத் தனது அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சூறத்துர் ரூமின் 22ஆம் வசனத்தில் குறிப்பிடுகிறான். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்களைப் பணித்தார்கள். பிற மொழியையும் பிறர் எழுத்தையும் கற்பது நமது மார்க்கத்துக்குப் புதிது அல்ல.

இப்போது தொழில் பற்றிய கேள்வி. ஒப்பியல் இலக்கியப் பட்டதாரி தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் வராது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆசிரியத் தொழில், பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி, பாடநூல் ஆக்கம், பத்திரிகைத் துறை, மொழிபெயர்ப்பு ஆகியவைதான் இதன் வழிகள். இவற்றில் மொழிபெயர்ப்பின் தேவை நமது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அரச கந்தோரிலிருந்து சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்திராத குடும்பம் குறைவு. ஆனால் பட்டம் இருப்பதனால் மட்டும் இந்தக் கதவுகள் திறக்கா. மொழி தெரிந்திருக்க வேண்டும். சம்பள ஏற்றத்துக்காக, பழைய ஆய்வேடுகளின் தலைப்பை மாற்றி எழுதி வாங்கும் முதுமாணியால் பிள்ளைக்கும் பயனில்லை, சமூகத்துக்கும் பயனில்லை. மகள் அப்படிப் படிக்கப் போகிறாள் என்றால், வேண்டாம் என்று சொல்லும் பெற்றாரின் பக்கம்தான் நான் நிற்பேன்.

கலியாணம் இந்தப் படிப்புக்கு எதிரி என்றும் நான் நினைக்கவில்லை. நமது ஊர் வழக்கப்படி மகள் கலியாணத்துக்குப் பிறகும் உம்மாவின் பக்கத்தில்தான் இருக்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் உண்டு. முதுமாணி வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கின்றன. முதுதத்துவமாணி முழுக்க ஆய்வு சார்ந்தது. நூலகமும் வீட்டு மேசையும்தான் அதற்கு வேண்டியவை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காக வருடக்கணக்கில் வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாமாரை நான் அறிவேன். அந்த வீட்டில் ஓர் அலுமாரி நிறையப் புத்தகத்துக்கும் இடம் விடுங்கள் என்பதே அவர்களிடம் எனது கோரிக்கை. மாப்பிள்ளை வீட்டாருடன் பேசும்போது, "பிள்ளை தொடர்ந்து படிப்பாள்" என்பதையும் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவிகளுக்கும் சில வார்த்தைகள். முதுமாணிக்குப் பதிந்த பிறகு அரபு படிக்கலாம் என்று இருக்காதீர்கள். அப்போது காலம் போதாது. உயர்தரத்தில் தமிழோடு அரபையும் ஒரு பாடமாக எடுக்க முடிந்தவர்கள் எடுங்கள். ஓதத் தெரிந்த எழுத்தைப் பொருள் விளங்கி வாசிக்கும் மொழியாக மாற்றுவதே முதல் வேலை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒரு பீடத்திலும் அரபு இன்னொரு பீடத்திலும் கற்பிக்கப்படுகின்றன. ஒரே வளவுக்குள் இருக்கும் அந்த இரண்டு பீடங்களுக்கும் நடுவே நடக்கத் தெரிந்த மாணவிதான் நாளைய ஒப்பியல் ஆய்வாளர். பட்டத்தின் பெயரில் 'ஒப்பியல் இலக்கியம்' என்று இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தமிழ்த்துறையிலோ அரபுத்துறையிலோ இருந்துகொண்டே இரு மொழிகளைத் தொடும் தலைப்பை எடுக்கலாம். அதற்கென்றே தனித் துறை வேண்டுமென்றால், வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ் 1956இல் கல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய துறை இந்தியாவில் முதலாவது, இன்றும் இயங்குகிறது.

ஆய்வுக்குத் தலைப்பு இல்லையே என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நமது மூத்தம்மாமார் பாடும் நாலடிக் கவிகள் இருக்கின்றன. சாய்ந்தமருதின் கவிஞர் அனார் கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். மலாய் மக்களிடமும் 'பந்துன்' என்ற நாலடிப் பாடல் உண்டு. முதல் இரண்டு அடிகளில் ஏதாவதொரு காட்சி வரும், அடுத்த இரண்டில் மனதில் உள்ளது வரும். மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து 2020இல் அதை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டன. சிங்களப் பெண்கள் வயலில் பாடும் கவியும் நாலடிதான். மூன்றையும் சேர்த்து வைத்து ஆராய ஒரு பிள்ளை வந்தால், எடுத்துக் கொடுக்க வீட்டிலேயே மூலம் இருக்கிறது. ஆனால் அந்த மூத்தம்மாமாருக்கு வயதாகிக்கொண்டு போகிறது. இந்த விடுமுறையில், கைப்பேசியிலாவது அவர்களின் கவிகளைப் பதிந்து, யார் பாடினார், எந்த ஊர், எந்த வேலையின்போது பாடுவது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பட்டப்பின் படிப்பு வரும்போது வரட்டும்; கொப்பியை இன்றைக்கே தொடங்கலாம்.